பன்னிரண்டாவது வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ராயபுரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

ஊறவைத்த துணி வாளியிலேயே கிடந்தது. மாவு ஆட்டவில்லை. வாரம் ஆறு நாள் பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின் முன்னால் குனிந்த முதுகு, இன்று ஒரு நாளாவது படுக்கவிடு என்று கெஞ்சியது. எங்கே விடுகிறார்கள்.

என் வீட்டுக்காரர் லிங்கசாமி ஓர் ஆர்எக்ஸ் ஹண்ட்ரட் பைக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். வண்டிக்கு முப்பது வயது இருக்கும். விற்கிறவர் அந்த வீட்டின் சொந்தக்காரர் சுப்பண்ணன். வாங்க வந்திருந்தவன் தீனதயாளன், எங்கள் கம்பெனியில் அயர்ன் போடுகிற பையன்.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி வாங்க நினைக்கிறவர்கள் முதலில் என் வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். பெயிண்ட் அடித்து ஸ்டிக்கர் ஒட்டிக் கண்ணை ஏமாற்றலாம், காதை ஏமாற்ற முடியாது என்பார். ஸ்டார்ட் செய்ததும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கிராங்க் தேய்ந்திருக்கிறதா, பிஸ்டன் ஆடுகிறதா, அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார். முப்பது வருஷம் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷினுக்கு ஃபிட்டராக இருந்தவர். இருபது மெஷின் ஓடுகிற ஷெட்டில் எதில் கோளாறு என்று வாசலில் நின்றே சொன்னவர். வேலையை விட்ட பிறகு இவருக்கு மிச்சம் இருக்கிற மரியாதை இது ஒன்றுதான்.

தை மாசத்திலிருந்து பதினோரு வண்டியை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். வேண்டாத பொண்டாட்டி கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம் என்பது போல ஆகிவிட்டது வண்டிகளின் கதி. ஆனால் இத்தனை வண்டியைக் கழித்தவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருக்க வேண்டும் என்று பல்லடத்திலிருந்தும் பெருமாநல்லூரிலிருந்தும் ஆட்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். என் ஞாயிற்றுக்கிழமைகள் மொத்தமாகப் போயின.

அந்தப் பதினொன்றில் நான்கு தீனதயாளனுக்குப் பார்த்தவை. இருந்த ஸ்கூட்டரையும் விற்றுவிட்டு ஆறு மாசமாக நல்லூரிலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறான். ஆவணியில் கல்யாணம். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணை ஆர்எக்ஸில்தான் சிவன்மலைக்குக் கூட்டிப் போவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறானாம். பைத்தியக்காரப் பையன். மத்தியானம் கோயமுத்தூரிலிருந்து வேறு ஆள் பார்க்க வருவதாக சுப்பண்ணன் வேறு சொல்லியிருந்தார்.

இவர் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தால் அப்படியே திரும்பிவிடுவோம். முன்னாலேயே ஓட்டி வைத்துக் குறையை மறைக்கிறார்கள் என்று அர்த்தம். சூடு இல்லை. ஆர்சி புக்கில் இருந்த நம்பரையும் எஞ்சினில் இருந்த நம்பரையும் விரல் வைத்து ஒத்துப் பார்த்தார். அதுவும் சரி.

தீனதயாளன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"இன்னைக்கும் வேண்டாம்னுட்டா, இந்த ஆசையையே உட்டுப்போட்டு ஏதாவது புது வண்டி எடுத்துக்கறனுங்க்கா."

எனக்குப் பாவமாக இருந்தது.

"எங்க போனாலும் ஊட்டுக்காரம்மாவையும் கூட்டீட்டுத்தான் வருவீங்களாட்டம் இருக்குதுங்," என்று இவரைப் பார்த்துச் சிரித்தார் சுப்பண்ணன். போகிற இடத்தில் எல்லாம் இதைத்தான் சொல்கிறார்கள். இவர் வழக்கம்போல அசட்டுச் சிரிப்புச் சிரித்து வைத்தார்.

சுப்பண்ணன் கிக்கரை உதைத்தார். மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. நீலப் புகை வாசலை அடைத்தது.

இவர் கண்ணை மூடினார். நான் பின்னால் போய் நின்று முதுகில் கை வைத்தேன். வயசானாலும் என்ன ஒட்டுதல் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் எடுக்கலாம். இரண்டு அழுத்தினால் வேண்டாம்.

இவர் காதை நிட்டிங் ஷெட் இரைச்சல் தின்று எட்டு வருஷமாகிறது. முகத்தைப் பார்த்துப் பேசினால் சமாளித்துக்கொள்வார். எஞ்சினுக்குள் கேட்கிற மெல்லிய சத்தம் எதுவும் எட்டாது. வெளியே தெரிந்தால் ஒருத்தரும் தேடி வரமாட்டார்கள் என்று அப்போது அழுதார். கொஞ்சநஞ்சம் கேட்டுக்கொண்டிருந்த நாட்களிலேயே, எது நல்ல சத்தம், எது கெட்ட சத்தம் என்று வண்டி வண்டியாக நிறுத்தி எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அதிலிருந்து இவருக்குக் காது நான்தான். எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

தீனதயாளன் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

ஒரு அழுத்து அழுத்தினேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இவருக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்று வருகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு கண்ணைத் திறந்து, "எடுத்துக்க கண்ணு, எஞ்சின் தங்கம்," என்றார்.

பையன் காலில் விழப் போனான். சுப்பண்ணன் உள்ளே திரும்பி டீ போடச் சொன்னார்.

வரும் வழியில் இவர் எங்கள் எக்ஸெல் மொபெட்டை ஓரமாக நிறுத்தினார். என் வாயைப் பார்த்துக்கொண்டே, சத்தம் எப்படி இருந்தது என்று கேட்டார். ஏழு மாசம் கழித்து ஒரு நல்ல வண்டி சிக்கிய சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

நல்லா இருந்ததுங்க என்றேன்.

தை மாசத்திலிருந்து எனக்கும் அந்தச் சத்தம் கேட்பதில்லை. ஓவர்லாக் இரைச்சலில் இருபத்தாறு வருஷம். சொன்னால் இவர் தாங்கமாட்டார். வாங்காத வண்டியால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று, பதினோரு வண்டிக்கும் இரண்டு இரண்டாக அழுத்தினேன்.

இன்றைக்கு அந்தப் பையன் முகத்தைப் பார்த்துத் தொலைத்துவிட்டேன்.