இரண்டாவது சாட்சி

திரையில் நாச்சிமுத்துவின் முகம் வந்ததும் அவர் முழங்கையால் பக்கத்தில் இருந்தவரை இடித்தார். பெருமையாக.

பக்கத்தில் இருந்த நண்பர் அதே நாச்சிமுத்துதான். திரும்பிப் பார்க்கவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு திரைப்படச் சங்கம். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. ஸ்பெயினிலிருந்து வந்த மார்த்தா என்கிற பெண் கைக்காசைப் போட்டு எடுத்த படம். பறக்கும் தட்டைப் பார்த்தவர்களைத் தேடி அவள் நாடு நாடாகப் போயிருந்தாள். பாதி கற்பனை, பாதி நிஜம். நடுநடுவே நடிகர்கள் வெள்ளி உடுப்பில் ஒரு பாலைவனத்தில் நடந்தார்கள். சாட்சி சொன்னவர்கள் மட்டும் அசல் மனிதர்கள்.

ஒரு திராட்சைத் தோட்டக்காரர். ஒரு பேருந்து ஓட்டுநர். வயதான ஒரு கன்னியாஸ்திரி.

எல்லோரும் ஸ்பானிஷில் பேசினார்கள். கீழே ஆங்கிலம் ஓடியது. அவருக்கு இரண்டும் தெரியாது. முகங்களைப் பார்த்தே தலையாட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் தன் சொந்தக்காரர்கள்போல் இருந்தது.

திரையில் நாச்சிமுத்து தமிழில் பேசினார்.

"நான் ஒண்ணும் பாக்கலீங்க, அம்மிணி."

இருக்கையில் இருந்த அவர் தன் காதில் தவறாக விழுந்துவிட்டதாக நினைத்தார்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம். மில் வேலை முடிந்து இருவரும் பல்லடம் பக்கம் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. சோளக்காட்டுக்கு மேலே அது நின்றது. ஒரு லாரி அளவு. அடியில் மூன்று விளக்குகள். சத்தமே இல்லை. ஒரு சோளத்தட்டுகூட அசையவில்லை.

நின்றது. பிறகு இல்லை.

"பாத்தயா? பாத்தயாடா?" என்று அவர் கத்தினார்.

"ஆமாண்டா" என்றார் நாச்சிமுத்து.

மில்லில் சிரித்தார்கள். மச்சினன் அவரை மனநல டாக்டரிடம் கூட்டிப்போகக் காரோடு வந்துவிட்டான். நாச்சிமுத்து ஓடிவந்து காரின் கதவைப் பிடித்துக்கொண்டார். "நானுந்தான் பாத்தேன். என்னையும் ஏத்திக்குங்க."

ஒரு ஆளுக்குப் பைத்தியம் பிடிக்கலாம், ரெண்டு பேருக்கு ஒரே நாளிலா என்று அவர் மனைவி தம்பியைக் கேட்டாள். கார் வெறுமனே திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு, அது மறுபடி வருமா என்று பார்க்க, மாதம் ஒரு சாயங்காலம் இருவரும் அந்தச் சோளக்காட்டு வரப்புக்குப் போனார்கள். காடு வீட்டுமனையான பிறகும் போனார்கள். நாச்சிமுத்து ஒரு தடவை தவறியதில்லை. மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள்கூடப் பந்தல்காரனை நிற்கவைத்துவிட்டு வந்தார்.

திரையில் நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சைக்கிள் செயினு கழண்டு போச்சு, குனிஞ்சு மாட்டிட்டு இருந்தனுங்க. நிமுந்து பாத்தா வெறும் வானம். அவன் மொகத்தப் பாத்தேன். அப்படியொரு சந்தோசம். ஆமான்னு சொல்லிப்போட்டேன். அப்பறம் மாத்திச் சொல்ல வாய் வரலீங்க."

அரங்கில் சிலர் சிரித்தார்கள். கேலியாக இல்லை. அன்பாகத்தான்.

அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் இவர்களைக் கண்டுகொண்டு எழுந்து கைதட்டினார்கள். ஒரு பெண் வந்து நாச்சிமுத்துவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "உங்கள மாதிரி ஒரு ஃப்ரெண்ட் யாருக்குக் கெடைப்பாங்க, அங்கிள்?"

பக்கத்தில் நின்ற அவரைப் பார்த்ததும் அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

வெளியே பேக்கரியில் இருவரும் டீக்குச் சொன்னார்கள். நாச்சிமுத்து கண்ணாடி டம்ளரைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"ஸ்பெயின்லதான காட்டுவாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

அவர் டீயை ஊதி ஆற்றினார்.

"யாருகிட்டயாச்சும் ஒருக்காச் சொல்லோணும்னு இருந்துச்சுடா. உன்னைய அன்னைக்குத் தனியா உட மனசு வரல. அவ்வளவுதான்."

பேருந்துகள் போயின. அவர் மச்சினனை நினைத்தார். மனைவியை நினைத்தார். அவள் செத்து நான்கு வருடமாகிறது. கடைசிவரை நாச்சிமுத்துவின் வார்த்தையைத்தான் அவள் நம்பினாள். கணவர் வார்த்தையை அல்ல.

"போச்சாது, உடு" என்றார். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "நானுந்தான் ஒண்ணும் பாக்கல."

சொல்லிவிட்டார். அந்த மூன்று விளக்குகளும் கண்ணுக்குள் அப்படியே எரிந்துகொண்டிருந்தன.

"வெளையாடாதடா."

"நெசமாத்தான். சும்மா கத்துனேன். நீ ஆமான்னுட்டே. நானும் அப்படியே இருந்துட்டேன்."

நாச்சிமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். டீ பலகையில் சிந்தியது. அறுபதை நெருங்கும் மனிதனின் முகம் பள்ளிக்கூடத்தில் தனியாக விடப்பட்ட குழந்தையின் முகம்போல் ஆனது.

"இல்ல. நீ பாத்தே."

அவர் தெருவைப் பார்த்தார்.

"பாத்தேடா. எனக்குத் தெரியும். ஒரு தடவையாச்சும் என்ற கண்ணுக்கும் தெரியாதான்னுதான இத்தன வருசம் உங்கூட வந்தேன்? உம்பொண்டாட்டிய நம்பவைக்கறதுக்கா வந்தேன்?"

இது அவருக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் தெரியாது.

"சொல்லுடா. பாத்தேன்னு சொல்லு."

நாச்சிமுத்து அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் டீயைக் கடைசி மடக்குவரை நிதானமாகக் குடித்தார். சர்க்கரை சரியாக இருந்தது.