கண்ணால் பார்த்தவர்கள்

"கடிகாரத்தை எடுத்துட்டு வந்திருக்கீங்கல்ல மேடம்? கண்ணாடி அலமாரியில இடம் ஒதுக்கி, பேர்ப் பலகைகூட ஒட்டியாச்சு" என்றார் குற்றவியல் துறைத் தலைவர்.

மறைந்த பேராசிரியரின் மனைவி கைப்பையைத் திறந்து அந்தப் பழைய கைக்கடிகாரத்தை எடுத்தாள். கொடுக்க மனசு வரவில்லை.

"இதை நானே வச்சுக்கலாம்னு பார்த்தேன் சார். என் முதல் சம்பளத்துல அவருக்கு வாங்கிக் கொடுத்தது. தினம் ராத்திரி சாவி கொடுத்துத் தலைமாட்டுல வச்சாத்தான் எனக்குத் தூக்கமே வருது."

"புரியுது மேடம். ஆனா அழைப்பிதழ்ல அடிச்சாச்சே! துணைவேந்தர் வேற வந்துட்டார். இது இனிமே உங்க வீட்டுப் பொருள் இல்ல, வரலாறு!"

வரலாறு என்ன கதியில் இருக்கிறது என்பது அந்த அலமாரியைப் பார்த்தாலே தெரிந்தது. சிறுவர் சிறைகளைப் பற்றி ஆயுள் முழுவதும் எழுதி மறைந்த பேராசிரியர் ஒருவரின் மூக்குக்கண்ணாடி, ஒரு காதுக்கம்பி இல்லாமல் கிடந்தது. தீவைப்பு வழக்குகளில் கரைகண்ட இன்னொருவரின் பேனாவுக்கு மூடியைக் காணோம். இரண்டின் மேலும் தூசி.

"சாரோட தங்கச்சி வரலையா?" துறைத் தலைவர் பேச்சை மாற்றினார்.

"முட்டி வலி. ரெண்டு மாடி ஏற முடியாதுன்னுட்டா."

கணவரின் படத்துக்கு முன்னால் கடிகாரத்தை வைத்துவிட்டு அவள் முன்வரிசையில் உட்கார்ந்தாள். வெளியே மழை வலுத்தது. நினைவுக் கூட்டம் தொடங்கியது.

"சாரோட முதல் வகுப்பை யாராவது மறக்க முடியுமா?" என்றார் ஒரு முன்னாள் மாணவர். இப்போது அவரே பேராசிரியர். "கடிகாரத்தைக் கழட்டி மேசை மேல வைப்பார். பாடம் ஆரம்பிப்பார். திடீர்னு ஒருத்தன் உள்ளே நுழைஞ்சு அதைத் தூக்கிட்டு ஓடுவான். நாங்க அலறுவோம். சார் அலட்டிக்காம, 'வந்தவன் எப்படி இருந்தான்? ஆளாளுக்கு எழுதுங்க'ன்னு சொல்வார். நாப்பது பேர் எழுதினா நாப்பது திருடன் வருவான்!"

அரங்கம் சிரித்தது. ஆனால் அந்த விளையாட்டில்தான் அவருடைய ஆராய்ச்சியே பிறந்தது. கண்ணால் பார்த்தவர்களும் தவறாகச் சொல்லலாம் என்று அவர் நிரூபித்துக் காட்டிய பிறகு, அடையாள அணிவகுப்பில் தவறாகக் கைகாட்டப்பட்டுச் சிறையில் கிடந்த பலர் வீடு திரும்பினார்கள்.

அப்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது. மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக ஓர் உருவம் விறுவிறுவென்று மேடை ஏறியது. கடிகாரத்தை எடுத்தது. வந்த வழியே ஓட்டம் பிடித்தது.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

"இதைவிடப் பொருத்தமா ஒரு அஞ்சலி இருக்க முடியுமா? பிரமாதமான ஏற்பாடு!" துணைவேந்தர் துறைத் தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

துறைத் தலைவர் முன்னாள் மாணவரைப் பார்த்தார். "நீங்கதானே ஏற்பாடு பண்ணினீங்க?"

"நானா? நீங்கதான்னு நெனச்சுக் கைதட்டினேன் சார்!"

கைதட்டல் பாதியில் நின்றது. சிலர் படியிறங்கி ஓடிப் பார்த்தார்கள். மழைதான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். இத்தனை குற்றவியல் நிபுணர்களின் கண்ணெதிரே நடந்த திருட்டு. வேலை சுலபமாக முடிந்துவிடும் என்று பாவம், அவரும் நம்பினார்.

"ஆறடி இருப்பான். நல்ல வாட்டசாட்டம்."

"சேச்சே, ஒல்லி சார். கறுப்பு மழைக்கோட்டு."

"நீலம்! பக்கத்துல இருந்து பார்த்தவன் நான். வயசு இருபத்தஞ்சுக்கு மேல போகாது. இல்லேன்னா அந்த ஓட்டம் வருமா?"

"முரட்டு மீசை" என்றார் துறைத் தலைவர் உறுதியாக.

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தினார். "ஹெல்மெட் போட்டிருந்தான்னு சொன்னீங்க. மீசை எப்படி சார் தெரிஞ்சுது?"

துறைத் தலைவர் தன் மேலுதட்டைத் தடவிக்கொண்டார். "எப்படின்னு தெரியல. ஆனா சத்தியமா பார்த்தேன்."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சுடன் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா பார்த்தீங்க?"

"நான் அவர் படத்தைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

"பொருள் உங்களோடது. புகார் எழுதித் தர்றீங்களா?"

"வேண்டாங்க. நீங்க யாராவது ஒரு அப்பாவியைப் பிடிச்சு நிறுத்துவீங்க. இவங்க எல்லாரும் இவன்தான்னு கை காட்டுவாங்க. அவர் ஆயுசுக்கும் பட்ட பாடு வீணாப் போயிடும்."

துறைத் தலைவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தன் காரிலேயே அவளை வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார்.

"மன்னிச்சுடுங்க மேடம். உங்ககிட்டயே விட்டிருக்கணும்."

"பரவாயில்ல சார், விடுங்க."

கார் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு அவள் அழைப்புமணியை அழுத்தினாள். நாத்தனார் கதவைத் திறந்தாள்.

"முட்டி வலி எப்படி இருக்கு?"

"ரெண்டு மாடி இறங்கி ஓடினதுல சரியாப் போச்சு அண்ணி" என்ற அந்த அறுபது வயதுக்காரி, கொடியில் சொட்டிக்கொண்டிருந்த பச்சை மழைக்கோட்டின் பையிலிருந்து அண்ணனின் கடிகாரத்தை எடுத்து, சாவி கொடுத்து, அண்ணியின் கையில் கட்டிவிட்டாள்.