ஓயாத கட்டளை

மாலை ஆறு மணி. தி.நகர் துணிக்கடைக் கிடங்கில் பூச்சிமருந்து அடித்து முடித்த ஷோயப் படிக்கட்டில் சுருண்டு கிடக்கிறான். அவன் குடல் புரளும் சத்தம் கூட்டாளி வடிவேலுவுக்கே கேட்கிறது. "இன்னா மச்சி, மத்தியானம் துன்ன பிரியாணி பேசுதா?" என்று சிரித்தபடி குனிகிறான். ஷோயப்பின் கடைவாயில் எச்சில் ஒழுகுகிறது. அந்த மங்கிய வெளிச்சத்திலும் கண்மணிகள் விரியாமல் கடுகளவாய்ச் சுருங்கியிருக்கின்றன. வடிவேலுவின் சிரிப்பு நின்றுபோகிறது. கையுறை வழுக்குகிறது என்று இருவரும் வெறுங்கையால் கலக்கிய மருந்து. சுருங்கு என்று நரம்பு குடலுக்கு இடும் கட்டளையை ஒரு நொதிதான் உடனுக்குடன் அழிக்கிறது. மருந்து உடம்பில் ஏறினால் அந்த நொதியே முடங்கிவிடும், கட்டளை ஓயாது என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். "வலி நிக்கவே மாட்டேங்குது வடிவேலு." வடிவேலு ஆம்புலன்ஸை அழைக்கிறான். "எத்தனை பேருங்க?" என்கிறது ஒரு பெண்குரல். ஒருத்தன்தான் என்று சொல்ல வாயெடுக்கிறான். வாய் நிறைய எச்சில் ஊறுகிறது.