நாளைக்குச் சொல்றேன்

பழைய கார் வாங்க வந்தவர் எஞ்சினைக் கேட்பதுபோல, வெங்கிடராமன் டிரெட்மில் பக்கத்தில் குனிந்து காதை வைத்தார். "சத்தம் கூடுதலாக்கும்," என்றார் நிமிர்ந்து. "சுள்ளிக்கல் ஜிம்ல மெஷின் ஓடறதே தெரியலை."

மகா சிரித்தபடி தலையாட்டினாள். மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்கு ஒன்றின் மாடியில் இருக்கும் அந்த ஜிம்முக்கு ஆள் சேர்ப்பது அவள் வேலை. வந்து பார்த்துவிட்டு நம்பர் கொடுத்துப் போனவர்களைத் தினமும் போனில் கூப்பிட்டு, நயமாகப் பேசி, சேர வைக்க வேண்டும்.

இன்று மாதக் கடைசி. இன்னும் ஒருவராவது சேரவில்லை என்றால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சுதீர் காலையிலேயே சொல்லிவிட்டார். பள்ளுருத்தி வீட்டில், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த அப்பா காலில் கட்டோடு கிடக்கிறார். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

அந்த ஒருவராக மிஞ்சியிருந்தது வெங்கிடராமன்தான். தமிழ் பேசுகிறவர் என்பதால் அவரை இவள் தலையில் கட்டியிருந்தார்கள். ஏலூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் ஒரு வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. எல்லாம் போனில் பேசிப் பேசித் தெரிந்துகொண்டதுதான்.

அவருக்கு எதுவும் பிடிக்கவில்லை. காற்று போதாது என்றார். சுதீரிடம் கெஞ்சி ஜன்னலோரம் ஒரு மின்விசிறி மாட்ட வைத்தாள். பாட்டு காதைக் கிழிக்கிறது என்றார். அவர் வரும்போதெல்லாம் குறைத்து வைத்தாள். கீழேயிருந்து சுக்கு நெடி வருகிறது என்றார். மட்டாஞ்சேரியில் நெடி இல்லாத கட்டடத்துக்கு அவள் எங்கே போவாள்?

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். "ஆ, தன்யா! சொல்லு, சொல்லு."

அந்தப் பெயர் மகாவுக்குத் தெரியும். தன்யா, சுள்ளிக்கல் ஜிம்மில் இவள் பார்க்கும் அதே வேலையைப் பார்ப்பவள். வெங்கிடராமன் ஜன்னல் பக்கம் தள்ளிப்போய், குரல் இளகி, மலையாளத்தில் பேசினார். குழந்தைக்குச் சுரம் விட்டதா என்று விசாரித்தார். நாளைக்குக் கூப்பிடு, முடிவு சொல்கிறேன் என்று சொல்லி வைத்தார்.

அங்கேதான் சேரப்போகிறார் என்று மகா முடிவு கட்டினாள்.

எடைக்கட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ராமபத்ரன் ஒரு காதிலிருந்து இயர்போனை உருவினார். போன மாதம் சேர்ந்தவர். "என்ன சார், ஜிம் பாக்கறது பொண்ணு பாக்கறாப்ல இன்னும் முடியலையா?"

"பாத்துண்டிருக்கேன்."

"நன்னா யோசிச்சுக்கோங்கோ. சேரறதுக்கு முன்னாடி இந்தப் பொண்ணு தினம் போன்ல சாரே, சாரேன்னு விளிச்சா. சேந்தப்புறம் நான் இருக்கேனா செத்தேனான்னுகூடக் கேட்டதில்லை."

"நீங்க வாயத் தொறந்தா நாங்க எங்க சார் பேச?" என்றாள் மகா.

ராமபத்ரன் சிரித்துவிட்டு இயர்போனை மறுபடி செருகிக்கொண்டார். அங்கே எல்லோர் காதிலும் அதுதான். ஆளுக்கொரு கண்ணாடியைப் பார்த்துத் தனித்தனியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

வெங்கிடராமன் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டினார். "நாளைக்குச் சொல்றேன் கொழந்தே. ஒண்ணு கூப்பிடு."

"நாளைக்கு நான் கூப்பிட மாட்டேன் சார்."

"ஏன், லீவா?"

"இன்னிக்கு ஒரு ஆளு சேரலேன்னா என்னை நிறுத்திருவாங்க." சொல்லக் கூடாது என்று இருந்ததுதான், வாயிலிருந்து வந்துவிட்டது. "உங்க மேல கோவமில்ல சார். சுள்ளிக்கல் பிடிச்சிருந்தா அங்கயே சேருங்க. தன்யா சேச்சியாவது பொழச்சுப் போகட்டும்."

வெங்கிடராமன் வாசலிலேயே நின்றார். "வேற யாராவது கூப்பிடுவாளோ, உனக்குப் பதிலா?"

"தெரியல சார். இங்க வேலை பாக்குறவங்கள்ல தமிழ் தெரிஞ்ச ஆளு வேற இல்ல."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மேசைக்கு வந்தார். சேருகிறவர்கள் விரல் ரேகை பதியும் சின்ன மெஷினைக் காட்டி, "எந்த விரல் வெக்கணும்?" என்று கேட்டார்.

மகாவுக்குப் புரியச் சற்று நேரமானது. "சார், காத்து போதாதுன்னு..."

"இந்தக் காத்து மதி, போறும்."

பெருவிரலை வைத்தார். மெஷின் கீச்சென்றது. தன் போனிலேயே பணமும் அனுப்பினார். கண்ணாடி அறைக்குள்ளிருந்த சுதீர் எட்டிப் பார்த்து, மகாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

"ரொம்ப நன்றி சார். இத்தன நாளா போன் பண்ணிப் பண்ணித் தொந்தரவு பண்ணிட்டேன். இனி எங்க ஜிம்லேர்ந்து ஒரு போனும் வராது. தன்யா சேச்சிகிட்டயும் நானே சொல்லிடுறேன், அவங்களும் விட்டுருவாங்க. நிம்மதியா இருங்க."

அவர் படி வரைக்கும் போய், கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"நான் சேரலைன்னே நெனச்சுண்டு, நாளைக்கும் ஒண்ணு கூப்பிடறியா?"