ஈரம் காயாத படிகள்

படிக்கட்டுக் கம்பளம் கழுவ வந்த செல்வமலர் நீளக் குழாயைத் தேர்ந்தெடுத்தாள். கழுவிய தண்ணீரை உறிஞ்சும் இயந்திரம் வேனிலேயே இருக்கும், வீட்டுக்குள் இரைச்சல் வராது. ஆனால் குழாய் நீண்டால் உறிஞ்சும் வேகம் குறைந்துவிடும். மேலிருந்து பதினான்கு படிகளையும் தேய்த்து இறங்கிய பிறகுதான், கம்பளம் தண்ணீரில் ஊறிக் கிடப்பதைக் கவனித்தாள்.

"தப்பு என்னோடதுதான்க்கா. சாயங்காலம் வரைக்கும் யாரும் மிதிக்கக் கூடாது."

வீட்டுக்காரி வசுமதி மாடியைப் பார்த்தாள். பன்னிரண்டு நாளாக அவளோடு பேசாத கணவர் அங்கே மாட்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் அவர் மேல்படியருகே வந்து நின்றார்.

"பசிக்குதா?" என்றாள் வசுமதி.

"ம்."

தரைக் கம்பளம் கழுவ மட்டும் பயன்படும், நுனி வளைந்த நீளக் கம்பியை வேனிலிருந்து எடுத்துவந்து, அதன் வளைவில் தூக்குவாளியை மாட்டி உயர்த்தினாள் செல்வமலர். அவர் குனிந்து வாங்கிக்கொண்டார்.

"ரசம் இருக்கு, பாத்து" என்றாள் வசுமதி.

மேல்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். கீழே நாற்காலி போட்டு வசுமதி உட்கார்ந்தாள். பேச்சு நிற்கவே இல்லை.

சாயங்காலம் செல்வமலர் கீழ்ப்படியைத் தொட்டுப் பார்த்து, "காஞ்சிருச்சுக்கா" என்றாள். வசுமதி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மறு கையிலிருந்த டம்ளர் தண்ணீரை மெதுவாக அந்தப் படியில் ஊற்றினாள்.