பன்னிரண்டாவது நிமிடம்

“ஏமாத்துக்காரன்! பன்னிரண்டே நிமிஷம் நின்னுட்டு நொண்டிக்கிட்டுப் போறான் பாரு!”

கேலரி முழுக்கக் கூச்சல்.

வெளிநாட்டு கிளப்பில் ஆடும் உள்ளூர் கோல்கீப்பர், அந்த கிளப்போடு சொந்த ஊருக்கு வந்து ஆடும் முதல் ஆட்டம். சீசன் தொடங்குமுன் நடக்கும் நட்புப் போட்டிதான். ஆனாலும் அவன் முகத்துக்காகத்தான் இத்தனை கூட்டம்.

போட்டி அமைப்பாளர் சிகிச்சை அறைக் கதவை உதைக்காத குறையாகத் திறந்தார்.

“முழு ஆட்டமும் நீதான் நிக்கணும், காயம்பட்டா மட்டும்தான் மாத்தலாம்னு உன் கிளப்போட மூணு நாள் மல்லுக்கட்டி எழுதி வாங்கினேன். இப்ப கூட்டம் என்னைக் கிழிக்குது!”

“காயம்தான் அண்ணே.” கோல்கீப்பர் ஐஸ் பையைத் தொடையில் அழுத்தினான். கண் மட்டும் சுவரிலிருந்த டி.வி.யில்.

அமைப்பாளர் உற்றுப் பார்த்தார்.

“மைதானத்துல வலது தொடையைப் பிடிச்ச. ஐஸ் இடது தொடையில இருக்கு. யார்கிட்ட விடுற?”

அவன் தலை குனிந்தது.

“இப்ப எனக்குப் பதிலா நிக்கிறாரே, கிளப்புல சேரச் சோதனை ஆட்டத்துக்கு வந்தவர் அண்ணே. சட்டையில பேர்கூடக் கிடையாது. ஒரு மாசமா வெறும் பயிற்சிதான். ரெண்டு பிள்ளைங்க. இன்னிக்கு ஆட்டத்தைப் பார்த்துட்டுத்தான் ஆளை எடுக்கிறதைக் கோச் முடிவு பண்றார். ஆடாமலே இருந்தா நாளைக்குப் பெட்டியைக் கட்டணும்.”

“சொல்லியிருக்கலாமே!”

“கோச் உங்ககிட்ட கேட்டாரே. ஒரு நிமிஷம்கூட விட்டுத்தர முடியாதுன்னுட்டீங்க.”

அமைப்பாளருக்கு அந்த ஃபோன் ஞாபகம் வந்தது. கோச் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் வைத்தவர் அவர்தான்.

“மடையா, அவன் உள்ள வந்தா உன் இடத்துக்கே வேட்டுடா!”

“வரட்டும் அண்ணே. நானும் பேரில்லாத சட்டை போட்டு பெஞ்சில உக்காந்தவன்தான்.”

டி.வி. அலறியது. பெனால்டி. பேரில்லாத சட்டை பக்கவாட்டில் பாய்ந்து, பந்தை விரல் நுனியால் வெளியே தட்டியது. கோச் நோட்டை எடுத்து என்னவோ எழுதினார்.

“அப்படிப் போடு!” கோல்கீப்பர் துள்ளிக் குதித்தான், இரண்டு காலாலும்.

அதே நேரம் கதவு தட்டப்பட்டது.

“சார், பத்திரிகையிலிருந்து வந்திருக்கோம். காயம் நிஜம்தானா?”

“உக்காருடா!” அமைப்பாளர் பல்லைக் கடித்தார். ஐஸ் பையைப் பிடுங்கி அவனது வலது தொடையில் வைத்து இறுக்கிக் கட்டினார். பிறகு கதவைப் பார்த்துக் கத்தினார்:

“அவன் நொண்டினது கண்ணுக்குத் தெரியலையாய்யா உங்களுக்கு? வீக்கம் இத்தனை பெருசு... நானே தொட்டுப் பார்த்தேன்!”