ஸ்டெல்லாவின் ஒப்புதல்

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தபோது, ஆரோக்கியதாஸின் பல்லை நேராக்கிவந்த பேசும் கிளிப் இழுப்பதை நிறுத்திக்கொண்டது. "ஈறு வீங்கியிருக்கிறது. ஆறிய பிறகு தொடர்வேன்" என்றது.

தவறு அவனுடையதுதான். துலக்கும்போது ரத்தம் வந்த இடத்தில், பயந்துபோய் பிரஷ் படாமல் பார்த்துக்கொண்டான். அங்கே கம்பியைச் சுற்றி அழுக்கு சேர்ந்தது; அதனால் ஈறு வீங்கியது. வீங்கிய ஈறோடு பல்லை இழுத்தால் அதைப் பிடித்திருக்கும் எலும்பு கரையக்கூடும். பல் நேராகும், ஆனால் நிற்காது.

"பரவால்ல, இழு. மூணு ஞாயிறும் கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சாச்சு, இனி தேதிய மாத்த முடியாது."

"மீறி இழுக்க, உங்களோடு வாழப்போகிறவர் ஒப்புதல் தர வேண்டும்."

கேள்வி மணப்பாட்டில் இருந்த ஸ்டெல்லாவின் கைப்பேசிக்குப் போனது. அவள் மறுத்துவிட்டு வீடியோவில் கூப்பிட்டாள்.

"எத்தன நாளா அங்க பிரஷ் போடல?"

"பதினோரு நாளு. கல்யாண போட்டோல பல்லு கோணலா தெரியுமே, ஸ்டெல்லா."

"போட்டோ ஒரு நாளைக்கு. அப்புறம் எங்கம்மா பொரிக்கிற மீன யாரு கடிச்சுத் திங்கது? கிளிப்போடயே வாங்க. இப்ப பிரஷ்ஷ எடுங்க, நான் பாக்கணும்."

அவன் துலக்கினான். வாஷ்பேசினில் சிவப்பாக வழிந்தது. கை நின்றது.

"பயப்படாதிய. மெதுவா, இன்னும் கொஞ்சம் உள்ள" என்றாள் ஸ்டெல்லா. "நான் லைன்லதான் இருக்கேன்."